உண்மை நகல்

'கடைசிப் பக்கம் மட்டும், நாலு நகல்'
என்றிருந்தது மனுவில்.
சத்துவாச்சாரி கோர்ட்டில் இருபது வருஷமாக நகல் அடிக்கிறேன்,
நாலு கேட்டவர் யாருமில்லை.
ஸ்டாம்புத் தாளுக்குச் சில்லறையாக எண்ணி வைத்தாள் நவநீதம்.
செருப்புக் கம்பெனிப் பசை
நகத்தோடு நகமாகக் காய்ந்திருந்தது.

புருஷன் தேசிங்கு, தலையாரி.
பாலாற்றில் மணல் லாரியை
டார்ச் அடித்து நிறுத்தப் போனவன்.
லாரி நிற்கவில்லை.
சாட்சிகள் ஏழு பேர். ஆறு பேர் பிறழ்ந்தார்கள்.
ஏழாமவர் கூண்டேறி
அன்றைக்கு அமாவாசை என்றார்.

மாசிலாமணி, வேதாசலம், கன்னியப்பன், க்ளீனர் குணாளன்.
விடுதலையாகி வந்து நால்வரும்
வாசலில் கரும்புச் சாறு குடித்ததை
ஜன்னல் வழியே பார்த்தேன்.
ஐஸ் அதிகம் போடச் சொன்னான் ஒருவன்.

ஆடியில் கிடைத்தான் மாசிலாமணி,
அவனே தோண்டிய மணல் பள்ளத்தில்.
வேதாசலம் பள்ளிகொண்டா பக்கம்,
ஜாக்கி நழுவி, டிப்பருக்கு அடியில்.
கன்னியப்பனை நாலு நாள் வைத்திருந்து
கொடுத்தது விரிஞ்சிபுரத்துக் கிணறு.
மூன்று சட்டைப் பையிலும் மடித்த ஒரு தாள்.
கோர்ட் முத்திரை.
'உண்மை நகல்' என்பதற்குக் கீழே என் கையெழுத்து.

பாலிதீன் உறையோடு மேசையில் போட்டார் இன்ஸ்பெக்டர்.
மடிப்பில் இன்னும் மணல்.
'இன்னா சார் இது, நீங்களே படிங்க.'

மூலத்தில் இருந்தது:
சந்தேகத்தின் பலனை அளித்து.
நான் அடித்திருந்தது:
சந்தேகத்தின் பலனை அழித்து.

ஃபேன் ஓடாத மத்தியானம்,
விரல் வழுக்கியிருக்கும் என்றேன்.
எங்கள் ஊர் நாக்குக்கு ரெண்டும் ஒன்றுதான் என்றேன்.
மனு போட்டது யார் என்றார்.
பதிவேட்டைக் கரையான் அரித்துவிட்டது என்றேன்.
அது என் சாப்பாட்டுப் பைக்குள்
எலுமிச்சை சாதத்துக்கு அடியில் கிடந்தது.

ஏனென்று கேட்காதீர்கள்.
ஐயாக்கள் எழுதியதையே அடித்து அடித்துத் தேய்ந்தவனுக்கு
சொந்தமாக ஒரு வரி,
முதல்முறையாக,
நிறைவேறிக்கொண்டிருந்தது.
பேப்பரில் மூன்றாவது சாவைப் படித்த காலை
எனக்குள் ஒருத்தன்
கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான்.

அன்றிரவுதான் தீர்ப்பைப் படிக்க எடுத்தேன்.
வக்கீலுக்கு முழு நகல் அடித்துக் கொடுத்தவன் நான்தான்.
அடிப்பவன் படிப்பதில்லை.
பதினோராம் பக்கம், எதிரித் தரப்புச் சாட்சி, டீக்கடைக்காரர்:
'குணாளன், வயது பத்தொன்பது.
காய்ச்சலில் நடுங்கியவனை
லத்தேரி கூட்ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போனார்கள்.
விடியும்வரை என் கடை பெஞ்சில்தான்
சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்தான்.'
ஒரு பிழை இல்லாமல் அடித்திருக்கிறேன்.

நாலாவது நகல் அவளிடம் இருக்கிறது.

முதல் பஸ். மாதனூர் தாண்டும்போது மழை.
ஆம்பூரில் நைட் ஷிப்ட் விட்டு
பெண்கள் தலையில் முந்தானை போட்டு ஓடிவந்தார்கள்.
அவள் ஓடவில்லை.
தாளை நீட்டினேன்.
வரிக்கு அடியில் விரலை ஓட்டி
எழுத்துக் கூட்டிப் படித்தாள்.
'சாக்கைப் போர்த்திக்கொண்டு' என்ற இடத்தில்
விரல் நின்றது.

'இத்த ஏன் அப்பவே குடுக்கல?'
'நீங்க கேட்டது கடைசிப் பக்கம்.'

மழை எழுத்தைக் கரைக்கிறதே என்று
தாளை ரவிக்கைக்குள் செருகினாள்.
கம்பெனி வேன் ஹார்ன் அடித்தது.
ஏறப் போனவள் திரும்பினாள்.

'மத்த மூணு பேருக்கும்
இதுமாரி ஒரு பக்கம் கீதா சார்?'

தீர்ப்பு மொத்தம் இருபத்தாறு பக்கம்.
பதினொன்றில் எழுந்து ஓடிவந்தவன் நான்.
பன்னிரண்டை
இன்னும் திருப்பவில்லை.